செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் வழக்கமான வேகத்தில் இன்ஜினைச் சுழற்றுகிறது. ஆனால் எவ்வளவு நேரம் சுழற்றினாலும் இன்ஜின் தன் சொந்த ஆற்றலில் ஓடத் தொடங்குவதில்லை. ஒர்க் ஷாப்புகளில் ‘செல்ஃப் அடிக்குது, வண்டி பிடிக்கல’ என்று சொல்லப்படும் இக்கோளாறு, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசையோடு எல்லாம் அடங்கிவிடும் கோளாறிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. பின்னதில் பேட்டரி, அதன் முனைகள், செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றுக்குள் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். முன்னதில் அந்த மூன்றும் தம் வேலையை ஏறத்தாழச் செய்துவிட்டன என்பதால், விடை பெட்ரோல் டேங்கிலிருந்து இன்ஜினின் உள்ளறை வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஊகத்தின் பேரில் புதுப் பேட்டரி, புது பிளக், புது பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பின்னும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது இக்கோளாறில் அடிக்கடி நேர்வதற்கு இதுவே காரணம். கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர, ஆற்றுமுக ஊர்களில் வெள்ளமும் உப்புக்காற்றும் வயல் எலிகளும் சேர்ந்துகொள்வதால், இதை முறையாக ஆராயும் வரிசையைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்கு நான்கு காரியங்கள் நடந்தாக வேண்டும். சிலிண்டர் எனப்படும் உருளை அறைக்குள் பிஸ்டன் மேலெழும்போது காற்று போதிய அளவு அமுக்கப்பட வேண்டும். அந்தக் காற்றோடு சரியான அளவில் பெட்ரோல் கலந்திருக்க வேண்டும். அக்கலவையைக் கொளுத்த பிளக்கின் முனையில் தீப்பொறி எழ வேண்டும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைவான கணத்தில் நிகழ வேண்டும். செல்ஃப் மோட்டார் செய்வதெல்லாம் பேட்டரியின் மின்சாரத்தைக் கொண்டு இன்ஜினின் அடித்தண்டான கிராங்க் ஷாஃப்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று வேகத்தில் சுழற்றி, இந்த நான்கும் தொடங்க வாய்ப்பளிப்பது மட்டுமே. முதல் எரிப்பு நிகழ்ந்துவிட்டால் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகளுக்கு மேல் தானே எழுந்து, செல்ஃபை விடுவித்துவிடும். நான்கில் ஒன்று தவறினாலும் வெறும் சுழற்சியே மிஞ்சும்.

மின்சாரத்தால் இயங்கும் செல்ஃப் மோட்டாரை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் அது முதலில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு காரின் முன்புறத் துளையில் இரும்பு ஹேண்டிலை நுழைத்துக் கையால் சுற்றித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். நம் நாட்டிலும் பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு அந்த ஹேண்டில் நன்கு பழக்கம். ஹேண்டில் சுற்றியவரின் கைக்கு அமுக்கம் இருக்கிறதா, இல்லையா என்பது நேரடியாகத் தெரிந்தது. பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் ஹேண்டில் எதிர்த்துத் தள்ளும். எதிர்ப்பு இல்லையென்றால் வால்விலோ பிஸ்டனிலோ கேடு என்று மற்றச் சோதனை ஏதுமின்றி அவர் புரிந்துகொண்டார். இன்று அந்த வேலையைக் காது செய்ய வேண்டியிருக்கிறது. செல்ஃப் அடிக்கும் ஓசையை ஊன்றிக் கேட்கும் பழக்கமே இக்கோளாறின் முதற்கருவி. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் அந்த ஓசை ஏறி இறங்கி, ஒரு தாளக்கட்டோடு ஒலிக்கும். தாளம் மெதுவாக இழுபட்டால் மின்சாரம் போதவில்லை. தாளமே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக ஒலித்தால் அமுக்கம் இல்லை.

ஆனால் காதைத் தீட்டுவதற்கும் முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது தண்ணீரைப் பற்றியது.

கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஆகியவை கடலில் கலக்கின்றன. தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. மேல்மாவட்டங்களில் பெய்யும் மழையெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது; 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைத் தொடர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இத்தகைய நாட்களில் வாசலிலும் தெருவிலும் நின்ற கார்களுக்கு நேரும் பெருங்கேடு பெரும்பாலும் வெள்ளத்தால் அன்று, வெள்ளம் வடிந்த பின் சாவியைத் திருப்பிப் பார்த்ததால் விளைகிறது.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும் நிலையில் செல்ஃப் அடித்தால், மேலெழும் பிஸ்டன் அமுக்க முடியாத நீரின் மேல் மோதி, பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். ஒர்க் ஷாப்புகளில் ஹைட்ரோ லாக் எனப்படும் இந்நிலையில், பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றியிருந்தால் சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை, இன்ஜினையே பிரித்துக் கட்டும் பெருஞ்செலவாக மாறிவிடுகிறது. வழக்கமான காப்பீட்டுப் பாலிசிகளில், வெள்ளத்தில் நின்ற வண்டியை இயக்க முயன்றதால் உண்டான இன்ஜின் சேதத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான துணைக்காப்பைத் தனியாக எடுத்தவர்களுக்கே அது கிடைக்கும். எனவே சக்கரத்தின் மையத்துக்கு மேல் தண்ணீர் நின்ற காரில் முதலில் பேட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்து, இன்ஜின் ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலோ, அதன் மட்டம் உயர்ந்திருந்தாலோ, அந்த வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவது தவிர வேறு சோதனை எதுவும் அங்கே செய்யத்தக்கதன்று.

வெள்ளமேதும் இல்லாத சாதாரண நாளில் இக்கோளாறு வந்தால், தொடர்ந்து செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிப்பது மோட்டாரின் சுருள்களைச் சூடேற்றும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில், அதாவது நச்சுவாயுக்களைச் சுத்திகரிக்கும் உறுப்பில், போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். பேட்டரியும் இறங்கிவிட, இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பேட்டரி நன்றாக இருப்பதால்தானே செல்ஃப் எடுக்கிறது என்ற எண்ணம் பாதி உண்மைதான். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டத்தைத் தர வேண்டியிருப்பதால், அதன் மின்னழுத்தம் பத்து வோல்ட்டை ஒட்டி இறங்குவது இயல்பு. 9.6 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், செல்ஃப் மோட்டார் தள்ளாடியாவது சுழன்றுகொண்டிருக்கும். ஆனால் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் இசியு, அதாவது இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி, சரியாக வேலை செய்யாமல் போகலாம். செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டு விளக்குகள் அனைத்தும் மங்கி மடிந்து மீண்டும் எழுந்தால், ஐயம் பேட்டரியின் மேல் விழுவது நியாயமே.

பேட்டரியைப் புதிதாக மாற்றிய பின்னும் இதே நிலை நீடித்தால், கடலோரத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது எர்த் இணைப்பு. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து காரின் உடல் தகட்டுக்கும் இன்ஜினுக்கும் செல்லும் பட்டையான கம்பிதான் எர்த். தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் திறந்தவெளியில் நிற்கும் வாகனங்களில், உப்பீரம் படிந்து இக்கம்பியின் போல்ட்டு அடியில் துரு பிடிக்கும். மேலே பார்த்தால் கம்பி கெட்டியாக இருப்பதாகவே தோன்றும். சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனைமீதும் மறு முனையை இன்ஜினின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலமாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரியின் ஆற்றலில் ஒரு பகுதி துருவிலேயே வீணாகிறது என்று பொருள். போல்ட்டைக் கழற்றி, இரு பரப்புகளையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, மீண்டும் முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும். காசு செலவில்லாத இவ்வேலையைச் செய்து பார்க்காமல் இரண்டாம் பேட்டரி வாங்கியவர்கள் கடலோர ஊர்களில் உண்டு என்பது வருந்தத்தக்கது.

இனி எரிபொருள். சாவியை ஸ்டார்ட் நிலைக்கு முந்திய ஆன் நிலையில் வைத்தவுடன், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் டேங்குக்குள் அமர்ந்திருக்கும் பம்ப் இரண்டு, மூன்று விநாடிகள் ஓடிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பின்னிருக்கைப் பக்கம் காது கொடுத்தால் அந்த மெல்லிய முனகல் கேட்கும். அது கேட்கவில்லையென்றால் உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பம்புக்கு மின்சாரம் தரும் ஃபியூஸும், அதை இயக்கும் சிறிய மின்விசையான ரிலேயும் முதலில் பார்க்கப்பட வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே எண்ணுள்ள ரிலேக்கள் பல கார்களில் இருப்பதால், இரண்டையும் இடம் மாற்றிச் செருகி, ஹாரன் அடிக்கிறதா, பம்ப் முனகுகிறதா என்று பார்த்தால் ரிலே பழுதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பம்ப் முனகினாலும் அழுத்தம் போதாமல் போகலாம். உட்செலுத்துக் குழாயில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண கார்களில் மூன்று, நான்கு பார் அழுத்தம் தேவைப்படும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான அளவு. இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. ரோட்டோரத்தில் குழாயைக் கழற்றிப் பீய்ச்சிப் பார்ப்பது தீ விபத்துக்கே வழிவகுக்கும்.

பம்ப் ஓடினாலும் அது இறைப்பது பெட்ரோல்தானா என்ற கேள்வி மழைக்காலத்தில் எழுகிறது. இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; சிறு அளவு நீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொண்டு இன்ஜினில் எரிந்தும் போய்விடும். ஆனால் டேங்கின் மூடி வழியாகவோ, காற்றோட்டக் குழாய் வழியாகவோ, நீர் புகுந்த தொட்டியிலிருந்து நிரப்பியதாலோ, தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தனியடுக்காக இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான் என்பதால், எரியாத அந்தக் கலவையே இன்ஜினுக்குப் போய்ச் சேர்கிறது. டேங்கில் முக்கால் பங்கு நல்ல பெட்ரோல் இருந்தும் வண்டி பிடிக்காமல் போவதன் விந்தை இதுதான். ஒர்க் ஷாப்பில் டேங்கின் அடியிலிருந்து எடுத்த எரிபொருளை நிறமற்ற கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், இரண்டுக்கும் இடையே தெளிவான ஒரு கோடு விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்தது தீப்பொறி. 12 வோல்ட் மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும் இக்னிஷன் காயில், புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு காயில் பழுதானால் மற்றச் சிலிண்டர்களாவது எரிந்து இன்ஜின் குலுங்கிக்கொண்டே ஓடும் என்பதால், எல்லாச் சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்ட வண்டியில் நான்கு காயில்களும் சேர்ந்தே கெட்டிருக்கும் என்று நம்பி மாற்றுவது பொருத்தமற்றது. பொதுவான காரணம் ஒன்றைத் தேடுவதே முறை. ஆனாலும் ஒரு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பது மிகவும் பயன்தரும். சில முறை செல்ஃப் அடித்த பின் கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்து மணந்தால், எரிபொருள் உள்ளே வருகிறது, கொளுத்தப்படவில்லை. உலர்ந்து கிடந்தால் எரிபொருளே வந்து சேரவில்லை. இந்த ஒரு வேறுபாடு தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. தீப்பொறி வருகிறதா என்பதை அதற்குரிய டெஸ்டர் கொண்டு பார்ப்பதே பாதுகாப்பு. காயிலைக் கையில் பிடித்துக்கொண்டு பொறி பாயவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் பிடித்தவரையும் தாக்கும், இசியுவையும் கெடுக்கும்.

பிளக் நனைந்திருப்பது சில வேளைகளில் ஓட்டுநரின் முயற்சியாலேயே நேர்கிறது. காரைச் சில அடி நகர்த்துவதற்காகக் குளிர்ந்த இன்ஜினை எழுப்பி உடனே அணைத்தால், தொடக்கத்துக்கென மிகையாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் எரியாமல் பிளக்குகளில் படிந்து, அடுத்த முறை பொறியை அமுக்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பல கார்களில் இசியு அதை ஒரு குறிப்பாகப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிட்டுச் சிலிண்டரை உலர்த்துகிறது. கார்புரேட்டர் காலத்து ஓட்டுநர்கள் கையாண்ட உத்தி கணினிக்குள்ளும் இடம் பிடித்திருப்பது மகிழ்ச்சி தரும் தொடர்ச்சி.

பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்று இரண்டும் ஒருசேர அற்றுப்போன வண்டியே மெக்கானிக்கின் அறிவைச் சோதிப்பது. இரண்டு தனித்தனி உறுப்புகள் ஒரே காலையில் கெட்டிருக்கும் என்பதைவிட, இரண்டுக்கும் ஆணையிடும் ஒன்று வாய்மூடிவிட்டது என்பதே நம்பத்தக்கது. அது பெரும்பாலும் கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரம் ஒன்றின் அருகே, ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளான இடைவெளியில், இச்சிறு உணரி பொருத்தப்பட்டிருக்கிறது. பரவலாக உள்ள அமைப்பில், 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் 58 பற்களே இருக்கும். வேண்டுமென்றே விடப்பட்ட இரு பற்களின் வெற்றிடம் கடந்துபோகும் கணத்தைக் கொண்டு, பிஸ்டன் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை இசியு அறிகிறது. சென்சாரிலிருந்து துடிப்பு வரவில்லையென்றால், இன்ஜின் சுழல்வதே இசியுவுக்குத் தெரியாது. சுழலாத இன்ஜினுக்குப் பெட்ரோலும் பொறியும் தருவது ஆபத்து என்பதால் அது இரண்டையும் நிறுத்திவைக்கிறது. செல்ஃபோ இதை அறியாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் முள் உள்ள கார்களில், செல்ஃப் அடிக்கும்போது அது சற்றேனும் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சியத்திலேயே அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சாரோ அதன் வயரோதான் முதல் ஐயத்துக்குரியது.

இந்தச் சென்சாரின் கேடு சூட்டில் வெளிப்படும் தன்மையுடையது என்பதால் பலரை ஏமாற்றிவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் ஓடி வந்த கார் டீக்கடை அருகே பத்து நிமிடம் நிற்கிறது. காற்றோட்டம் நின்றதும் இன்ஜின் அறையின் சூடு இன்னும் ஏறுகிறது. சென்சாருக்குள் உள்ள மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது. வண்டி பிடிக்க மறுக்கிறது. மெக்கானிக் வந்து சேரும் முக்கால் மணி நேரத்தில் சுருள் ஆறிவிடவே, அவர் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே எழுகிறது. அவர் தொட்டதால் சரியாயிற்று என்று மகிழ்ந்து புறப்பட்டவர் அடுத்த வாரம் அதே நிலையில் நிற்பார். சூடாக இருக்கும்போது மட்டும் பிடிக்காமல், ஆறியதும் பிடிக்கும் வண்டியில் இச்சென்சாரை ஐயுறுவதற்கு இவ்வளவு வலுவான காரணம் இருக்கிறது.

சென்சார் நலமாக இருந்து, அதன் வயர் அறுந்திருந்தாலும் விளைவு இதேதான். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் வயலையொட்டி இரவில் நிறுத்தப்படும் கார்களில், அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடும் நாட்களில் எலிகள் இன்ஜின் சூட்டை நாடி ஏறிவருகின்றன. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தாக வேண்டியிருக்கிறது. வயரின் மேலுறை அதற்கு வாகாகக் கிடைக்கிறது. பானட்டைத் திறந்தவுடன் எலிப்புழுக்கையும் துணுக்குகளும் கண்ணில் பட்டால், எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் வயர்க்கட்டை முழு நீளத்துக்கும் விரல் தடவிப் பார்ப்பதே முறை. அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது சில நாளைக்கே தாங்கும். ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் உறை போட்டால்தான் கடலோர ஈரத்தில் நிலைக்கும்.

வயரும் நலமென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இம்மொபிலைசர்; சாவியில் உள்ள சில்லும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால் மட்டுமே இன்ஜினை இயங்கவிடும் திருட்டுத் தடுப்பு அமைப்பு அது. அடையாளம் தவறினால் சில கார்களில் செல்ஃபே எடுக்காது. சிலவற்றில் செல்ஃப் எடுக்கும், பெட்ரோல் வராது. சிலவற்றில் இன்ஜின் ஒரு விநாடி எழுந்து அணைந்துவிடும். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு விடாமல் மினுக்கினால், வீட்டில் கிடக்கும் இரண்டாம் சாவியைக் கொண்டுவந்து பார்த்துவிடுவது எல்லாவற்றிலும் மலிவான சோதனை.

டீசல் வண்டிகளுக்குப் பிளக் பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அமுக்குவதால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ருடால்ஃப் டீசல் வகுத்த முறை அது. இன்றைய காமன் ரயில் டீசல் இன்ஜின்களில், பொதுக்குழாயில் ஏறத்தாழ 200 பார் அழுத்தமாவது ஏறினால்தான் இசியு தெளிப்பான்களைத் திறக்கும். டேங்க் முற்றிலும் காலியாகும் வரை ஓட்டியதாலோ, ஃபில்டர் மாற்றிய பின் சரியாக மூடாததாலோ குழாயில் காற்று புகுந்துவிட்டால் அந்த அழுத்தம் ஏறாது. ‘ஏர் எடுத்துடுச்சு’ என்று டாக்சி ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால், வேறு பழுதில்லாத வண்டி பிடித்துவிடும். ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரைத் திருகைத் திறந்து வடிப்பதையும் மழைக்காலத்தில் மறக்கலாகாது. வண்டியை எழுப்புவதற்காகக் காற்றுக்குழாயில் ஈத்தர் கலந்த ஸ்பிரே அடிக்கும் வழக்கம், சூடேற்றும் குளோ பிளக் உள்ள டீசல் இன்ஜின்களில் வெடிப்பை உண்டாக்கிப் பிஸ்டனையே உடைக்கக்கூடியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனரை மாட்டினால் இசியு பதிவு செய்துள்ள பிழைக்குறியீடுகள் தெரியும். பி0335 கிராங்க் சென்சார் சுற்றையும், பி0087 எரிபொருள் குழாயின் குறைந்த அழுத்தத்தையும் குறிக்கின்றன. பி0335 போன்ற குறியீடு சுட்டுவது ஒரு மின்சுற்றை. அச்சுற்றில் சென்சார், வயர், இணைப்பான், இசியு ஆகிய நான்கும் அடங்கும். சென்சாரை மாற்று என்று குறியீடு எங்கும் சொல்வதில்லை. ஆனால் அப்படிப் படிக்கப்படுவதால்தான் நல்ல சென்சார்கள் கழற்றப்பட்டு, எலி கடித்த வயர் அப்படியே விடப்படுகிறது. அரசு ஐடிஐக்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் ஈராண்டு பயிலும் மாணவர்களுக்கு ஸ்கேனரைப் பிடிக்கக் கற்றுத்தருவதோடு, மல்டிமீட்டர் பிடித்து ஒரு வயரின் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையையும் கற்றுத்தருவது மிக அவசியம்.

பொறி உண்டு, பெட்ரோல் உண்டு, முள்ளும் அசைகிறது, ஆயினும் பிடிக்கவில்லை என்றால் கடைசியாக எஞ்சுவது அமுக்கம். கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலோ, செயின் தளர்ந்து பல் தாண்டினாலோ, பிஸ்டன் மேலேறும்போது வால்வு திறந்தே கிடந்து காற்று வெளியேறிவிடும். தொடக்கத்தில் குறிப்பிட்ட, தாளமற்ற வேகமான ஓசை எழுவது இந்நிலையில்தான். பல இன்ஜின்களில் இந்நிலையில் பிஸ்டன் வால்வின்மேல் மோதி அதை வளைத்துவிடும் என்பதால், இந்த ஓசை கேட்டபின் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக் துளையில் கேஜ் பொருத்திப் பார்க்கையில், நல்ல பெட்ரோல் இன்ஜின் பத்து முதல் பதின்மூன்று பார் வரை காட்டும். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடும் இருக்காது.

மெக்கானிக் வருவதற்குள் கோளாறு தானே மறைந்துவிடக்கூடும் என்பதால், வண்டி பிடிக்காத அந்த வேளையிலேயே ஓட்டுநர் சிலவற்றைக் குறித்துவைப்பது பெரிதும் உதவும். இன்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, முந்தின நாள் மழை பெய்ததா, கடைசியாக எப்போது, எந்த பங்க்கில் எரிபொருள் நிரப்பப்பட்டது, பம்பின் முனகல் கேட்டதா, சுற்றுமுள் எழுந்ததா, சாவி விளக்கு மினுக்கியதா. செல்ஃப் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினால், அனுபவமுள்ள மெக்கானிக் புறப்படும் முன்பே எந்தக் கருவியை எடுத்துவர வேண்டும் என்று தீர்மானித்துவிடுவார். வெள்ளத்தில் நனையாத வண்டியில் பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்; பல கார்களில் இசியு சேமித்துவைத்த குறியீடுகள் அத்துடன் அழிந்துவிடும்.